2050இல் வவுனியாவின் இரவு எப்படி இருக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை வரும்போதெல்லாம் உங்கள் பத்திரிகை அதை முதற்பக்கத்தில் போடுகிறது, நல்ல விடயம். வடக்கு, வடமத்திய, கிழக்கு மாகாணங்களில் அவதானம் தேவை, தண்ணீர் நிறையக் குடியுங்கள், வெளிவேலையைக் குறையுங்கள் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதை அப்படியே தருகிறீர்கள். ஆனால் அது நாளைக்கான செய்தி. இன்னும் இருபத்தைந்து, முப்பது வருடத்தில் வவுனியா நகரம் எவ்வளவு கொதிக்கும், அதற்குள் இன்றைய பிள்ளைகள் எப்படி வேலை செய்வார்கள், எப்படித் தூங்குவார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம், இயன்றால் வெட்டாமல் போடுங்கள்.

வீட்டுக்குப் பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். குருமன்காடு, பண்டாரிகுளம், நெளுக்குளம், பூந்தோட்டம், ஓமந்தைப் பக்கம் என்று சுற்றிவர எல்லா இடத்திலும் கீறியிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு 2050 தூரத்து வருடம் இல்லை. இன்றைக்கு அத்திவாரம் வெட்டும் வீடு அன்றைக்கும் நிற்கும். வங்கிக் கடன் எடுத்து, வெளிநாட்டில் உள்ள சகோதரத்திடம் கேட்டு, நகையை அடகு வைத்துக் கட்டும் வீட்டை யாரும் இருபது வருடத்தில் இடிக்கப் போவதில்லை. ஆக 2050இன் வெயிலுக்குள் நிற்கப் போகிற வீடுகளைத்தான் நாங்கள் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம், ஆனால் கட்டுகிற எவரும் அந்த வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டு உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தைவிட ஏறத்தாழ 1.55 பாகை கூடுதலாக இருந்தது என்று உலக வளிமண்டலவியல் அமைப்பு அறிவித்தது, பதிவு தொடங்கிய நாளிலிருந்து அதுதான் ஆகச் சூடான வருடம். ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலை நிபுணர் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, உலகம் நடுத்தர அளவில் புகையைக் கக்கிக்கொண்டு போனால் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 2 பாகையையும் கடைசியில் 2.7 பாகையையும் தொடும் என்கிறது. இது உலகம் முழுவதற்குமான சராசரி, கடலும் சேர்த்து. இலங்கைக்கென உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் சேர்ந்து தயாரித்த அறிக்கை, புகை குறையாவிட்டால் 1986 முதல் 2005 வரை இருந்த நிலையைவிட 2090களில் ஏறத்தாழ 3 பாகை கூடும் என்றும், உலகம் உடனே அடங்கி நடந்தால் ஒரு பாகை அளவில் நிற்கும் என்றும் சொல்கிறது. இலங்கையில் இந்தச் சூட்டால் மக்களின் வாழ்க்கைத்தரம் ஆக மோசமாக அடிபடப் போகும் இடங்களில் வட மாகாணமும் ஒன்று என்று உலக வங்கி 2018இலேயே எழுதிவைத்திருக்கிறது.

ஒரு பாகைதானே, இரண்டு பாகைதானே என்று ஆட்கள் கேட்பார்கள், என்னிடமே கேட்டிருக்கிறார்கள். சராசரி இரண்டு பாகை ஏறினால் ஒவ்வொரு நாளும் ஒழுங்காக இரண்டு பாகை கூடி இருக்கும் என்று அர்த்தம் இல்லை. இப்போது சித்திரையில் ஒரு கிழமை வந்து போகிற கொடுமை பல கிழமைக்கு நீளும், ஓகஸ்டில் திரும்ப வரும். எங்கள் அகலக்கோட்டில் சூரியன் வருடத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறை. சித்திரையிலாவது பின்னேரம் இடியோடு ஒரு மழை வந்து ஆற்றிவிட்டுப் போகும். ஓகஸ்டில் அதுவும் இல்லை. தென்மேற்கு மலைகளில் மழையை எல்லாம் இறக்கிவிட்டு வருகிற சோளகம் இங்கே வந்து சேரும்போது வெறும் காய்ந்த காற்று. யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் கடற்காற்று என்று ஒன்று இருக்கிறது, வவுனியாவுக்கு அது கிடையாது.

அதிலும் நான் அதிகம் பயப்படுவது பகலுக்கு இல்லை, இரவுக்கு. பகலில் மரத்தடிக்குப் போகலாம், கிணற்றடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றலாம். இரவில் உடம்பு ஆறவேண்டும். ஆறாமல் விடிந்தால் அடுத்த நாள் வெயிலுக்கு அந்த உடம்பு ஏற்கெனவே களைத்துத்தான் போகிறது. வயதானவர்கள், இருதய வருத்தக்காரர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிப் பெண்கள் இப்படித்தான் முதலில் விழுகிறார்கள். பூமி சூடாகச் சூடாக உலகின் பல இடங்களில் பகல் வெப்பநிலையைவிட இரவு வெப்பநிலைதான் வேகமாக ஏறியிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த இரவுகளை நினைத்துப் பாருங்கள். மின்விசிறி நின்ற ஒரு தகரக் கூரை வீட்டுக்குள் குழந்தையை வைத்திருந்த தாய்மாரிடம் கேட்டால் 2050ஐப் பற்றி விளக்கம் தேவைப்படாது.

வயலுக்கும் இதே இரவுதான் எதிரி. நெல் பூக்கிற நேரம் 35 பாகைக்கு மேலே போனால் மகரந்தம் கெட்டுப் பதராகும், அது எங்கள் கமக்காரருக்குத் தெரிந்த விடயம். இரவுச் சூட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் எடுத்த கணக்கின்படி, வறண்ட போகத்தில் இரவு வெப்பநிலை ஒரு பாகை கூடியபோது விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தது, 2004இல் அது வெளியானது. பகலில் பயிர் சேர்த்ததை இரவில் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பாவற்குளத்தையும் முத்தையன்கட்டையும் இரணைமடுவையும் நம்பிச் சிறுபோகம் விதைக்கிற சனத்துக்கு இது சின்ன விடயம் இல்லை. செட்டிகுளம் பக்கத்தில் சிறுநீரக நோயோடு வாழும் விவசாயிகள் எத்தனையோ பேர். அந்த நோய்க்கு ஒரே காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை, ஆனால் வெயிலில் தண்ணீர் இல்லாமல் உடம்பு காய்வதும் சந்தேகிக்கப்படும் காரணங்களில் ஒன்று.

சரி, உலகம் விடுகிற புகைக்கு வவுனியா என்ன செய்யமுடியும் என்று கேட்கலாம். அதில் எங்கள் பங்கு மிகச் சிறியது, உண்மை. ஆனால் ஒரு நகரத்தின் சூடு இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று உலகம் தருவது. மற்றது நகரம் தானே தனக்குச் சேர்த்துக்கொள்வது. தார், கொங்கிறீற், தகரம், மரமில்லாத வீதி, மண் போட்டு நிரப்பிய பள்ளம், ஏசி வெளியே தள்ளுகிற அனல், எல்லாம் சேர்ந்து நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றுக் கிராமங்களைவிடச் சில பாகை சூடாக்கிவிடும், அதுவும் கூடுதலாக இரவில்தான். அறிக்கைகளில் வருகிற 2 பாகை, 3 பாகைக்குள் இந்த நகரச் சூடு பெரும்பாலும் இல்லை. அது மேலதிகம். அந்த மேலதிகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முழுக்க எங்கள் கையில் இருக்கிறது, வாஷிங்டனிலோ பெய்ஜிங்கிலோ இல்லை.

கூரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் தெரியும். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பியவர்களுக்குத் தகரம்தான் கொடுத்தார்கள், அந்த நேரம் தலைக்கு மேலே ஏதோ ஒன்று கிடைத்ததே பெரிய ஆறுதல். பிறகு வந்த வீட்டுத்திட்டங்களில் ஓடும் சீற்றும் வந்தன. இப்போது கையில் கொஞ்சம் காசு உள்ளவர் கேட்பது நிறத் தகரம், இல்லாவிட்டால் மேலே கொங்கிறீற் தட்டு. கடும் சிவப்பு, கடும் நீலம், கறுப்புக்குக் கிட்டிய சாம்பல் நிறம், பார்வைக்கு வடிவு என்று கேட்கிறார்கள். கடும் நிறக் கூரை நடு வெயிலில் 60 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டைக் கீழே இருக்கிறவர்மேல் நேரே இறக்கும், இடையில் சீலிங்கும் இல்லாவிட்டால் மின்விசிறி அந்த அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். தகரமாவது பொழுது பட்டதும் கெதியாக ஆறிவிடும். கொங்கிறீற் தட்டு பகல் முழுவதும் குடித்த சூட்டை இரவு பத்து, பதினொரு மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். மேல்மாடி பிறகு கட்டலாம் என்று கம்பியை நீட்டி வைத்துவிட்டு, தட்டுக்கு நேர் கீழே படுக்கிற குடும்பங்கள் எத்தனை என்று பாருங்கள்.

இதற்கு மருந்து பெரிய செலவு இல்லை. வெள்ளை நிறம். தட்டின்மேல் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் விழுகிற வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். இந்தியாவில் அகமதாபாத் நகரத்தில் 2010 மே மாதத்து வெயிலில் வழமையைவிட ஆயிரத்து முன்னூறுக்கும் மேலே கூடுதலாக ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு 2013இல் அந்த மாநகரசபை வெப்பத்துக்கென்று ஒரு செயற்திட்டமே போட்டது, முன்கூட்டி எச்சரிப்பது, ஆஸ்பத்திரிகளைத் தயார்ப்படுத்துவது, பிறகு ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் கூரைக்கு வெள்ளை அடிப்பது வரை. அவர்களுக்கு முதலில் சாவு வந்தது, பிறகுதான் திட்டம் வந்தது. நாங்கள் சாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கிடுகுக்கும் மண்சுவருக்கும் திரும்பிப் போங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை, ஒவ்வொரு வருடமும் கிடுகு மாற்றிக் கஷ்டப்பட்ட சனத்திடம் அதைச் சொல்ல எனக்கு மனமும் இல்லை. விறாந்தையை விடாதீர்கள், யன்னலை எதிரும் புதிருமாக வையுங்கள், மேற்குச் சுவரில் வெயில் நேரே விழாமல் கூரையை நீட்டுங்கள், சீலிங்குக்கு மேலே சூடான காற்று வெளியேற ஒரு வழி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். பிளானில் இதைக் கீறிக் கொடுத்தால், கட்டும்போது காசு முட்டும், முதலில் வெட்டுப்படுவது விறாந்தைதான்.

அடுத்தது குளங்கள். வவுனியா நகரமே குளங்களுக்கு இடையில் வளர்ந்தது. வவுனியா குளம், வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், தாண்டிக்குளம் என்று தொடராக இருக்கின்றன, ஒன்றின் மிச்சத் தண்ணீர் அடுத்ததற்குப் போகும்படி முன்னோர் அமைத்த ஒழுங்கு அது. உலர் வலயத்தின் இந்தத் தொடர்குளங்களை உலக உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. அலைகரையில், அதாவது மழைக்காலத்தில் குளத்துத் தண்ணீர் ஏறி நிற்கும் ஓரத்தில், கோடையில் தண்ணீர் இல்லாத நிலத்தைப் பார்த்து, மலிவாகக் கிடைக்கிறதே என்று துண்டு வாங்குகிறார்கள், இரண்டு லோட் கிரவல் கொட்டினால் காணி ரெடி. பிறகு கார்த்திகை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று அழுகிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, நகரத்துக்குக் கிட்ட வேறு எந்தக் காணியை அந்த விலைக்கு வாங்குவது. ஆனால் வவுனியா குளத்தின் ஒரு பகுதிக்குள் மண் கொட்டி நிரப்பியது வீடில்லாத ஏழை இல்லை. அதற்கு எதிராக மக்கள் எழும்பிக் கேட்டது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தந்தது.

குளம் என்றால் வெள்ளமும் வயலும் மட்டும்தான் எங்களுக்கு நினைவு வரும், சூட்டோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம், எங்கள் கோடையில் அது சாதாரணம். அது 20,000 லீற்றர் தண்ணீர். அவ்வளவு தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 13,500 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகிறது. அதே ஒரு ஏக்கரை நிரப்பித் தார் போட்டுக் கடை கட்டினால் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி நகரத்துக்குள்ளேயே நிற்கும். குளம் இரவைக் குளிராக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை, தண்ணீரும் மெதுவாகத்தான் ஆறும். பகலில் சுற்றியுள்ள சுவரும் வீதியும் குடிக்கிற சூட்டை அது குறைக்கிறது, சோளகம் தடையில்லாமல் ஓடி வர வெளி கொடுக்கிறது, சுற்றுக் கிணறுகளுக்குத் தண்ணீர் ஊறவிடுகிறது. எங்களுடையது பாறை நிலம், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இல்லை, குளம் வற்றினால் பக்கத்துக் கிணறும் இறங்கும். கிணறு இறங்கினால் முற்றத்து மரமும் காயும். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாய்கிற சின்னக் குளங்கள் கமநல சேவைகளின் பொறுப்பில் வருகின்றன, வயலை அனுமதியில்லாமல் நிரப்பக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குளத்தின் எல்லை எதுவென்று நிலத்தில் கல் நட்டுக் காட்டுவதுதான் தேவை, கல் இருந்தால் காணி வாங்குகிறவருக்கும் ஏமாற இடமில்லை, என்னைப் போன்றவர்களும் அந்தத் துண்டுக்குப் பிளான் கீற மாட்டோம்.

மரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதனால் ஒரு விடயம் மட்டும். ஜூன் 5ஆம் திகதி உலக சுற்றாடல் தினம் என்று பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் கன்று நடுகிறோமே, தயவுசெய்து வன்னியில் அதை நிறுத்துங்கள். ஜூன் என்றால் சோளகம் தொடங்கிய நேரம், அடுத்த மழைக்கு நாலு மாதம் இருக்கிறது. நட்ட கன்றில் ஓகஸ்டுக்கு மிஞ்சுவது கன்றைச் சுற்றி வைத்த கூடும் பெயர்ப்பலகையும்தான். வட மாகாணத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அனுசரிக்கிற நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது, எங்கள் மண்ணுக்கு அதுதான் சரி. வடகிழக்குப் பருவமழையோடு வேர் இறங்கிவிடும். அதற்குப் பிறகு முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அந்த ஆளின் பெயர் நடும்போதே தெரிந்திருக்க வேண்டும். எதிரே கடை வைத்திருப்பவரிடம் பொறுப்பாகக் கொடுத்தால் அநேகமாகக் காப்பாற்றிவிடுவார், நிழல் அவருடைய வாடிக்கையாளருக்குத்தானே. வேம்பு, இலுப்பை, புளி, நாவல், குளக்கரை என்றால் மருது, இவை இந்த வெயிலை அறிந்த மரங்கள். வயருக்குக் கீழே உயர வளர்கிற மரத்தை வைத்துவிட்டு ஒவ்வொரு வருடமும் தலையை வெட்டுவதைவிட, அங்கே பூவரசு போலக் கட்டையாக நிற்கிறதை வைக்கலாம். வீதி அகலித்தபோது போன பெரிய மரங்களுக்குப் பதிலாக நடுவில் அலங்காரச் செடி வைப்பதால் நடந்து போகிறவருக்கு ஒரு சொட்டு நிழலும் இல்லை. காபெட் வீதி வந்தது நல்லது, நான் அதற்கு எதிரி இல்லை, ஆனால் மதியம் ஒரு மணிக்கு பாடசாலை விட்டு அந்தத் தார் ஓரத்தில் நடந்து வருகிற பிள்ளைகளை ஒருமுறை பாருங்கள்.

உழைக்கிற சனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சூடு கூடியதால் 2030இல் உலகம் முழுவதும் வேலை நேரத்தில் 2.2 வீதம் இழக்கப்படும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் கணக்கிட்டது. அந்த இழப்பு இங்கே மேசன்மார், கூலியாட்கள், களை பிடுங்கும் பெண்கள், ஓட்டோக்காரர், வீதியோர வியாபாரிகள் தலையில்தான் விழும். நாட்கூலிக்கு வேலை செய்கிறவர் களைத்து உட்கார்ந்தால் அந்த நாள் கூலி இல்லை. கோடையில் கட்டட வேலையை விடிய ஆறு மணிக்குத் தொடங்கி, பதினொன்றுக்கு நிறுத்தி, பின்னேரம் மூன்றரைக்குத் திரும்பத் தொடங்கலாம், கூலியைக் குறைக்காமல். சில மேசன்மார் தாங்களாகவே இப்படிச் செய்கிறார்கள். அரச ஒப்பந்த வேலைகளில் அதை நிபந்தனையாகவே போடலாம்.

நகரத்தை ஆளும் சபையிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பிளானுக்கு அனுமதி கொடுக்கும்போது மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் பார்க்கிறீர்கள், வீதி எல்லை பார்க்கிறீர்கள், அதே தாளில் கூரையின் நிறம் என்ன, சீலிங் இருக்கிறதா, காணிக்குள் நிழல்மரம் எங்கே, முற்றம் முழுவதும் கல் பதிக்கப் போகிறார்களா, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இடம் விட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கட்டாயப்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை, வெள்ளைக் கூரையும் மரமும் உள்ள வீட்டுக்கு அனுமதிக் கட்டணத்தில் கொஞ்சம் கழித்துக் கொடுங்கள். தொடக்கமாகப் பாடசாலைகளின் தகர, சீற்றுக் கூரைகளுக்கு இந்தக் கோடைக்கு முன்னர் வெள்ளை அடியுங்கள். பெயின்ற் செலவுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாட்டிலிருந்தே அனுப்பிவிடும், வளைவும் நுழைவாயிலும் கட்டுவதற்கு அனுப்புகிறவர்கள் இதற்கு அனுப்ப மாட்டார்களா.

ஆசிரியர் ஐயா, உங்களிடமும் ஒரு கோரிக்கை. வவுனியாவில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையம் இருக்கிறது. காலநிலைப் பகுதியில் நீங்கள் போடுவது பெரும்பாலும் பகலின் உச்ச வெப்பநிலையைத்தான். மாசி தொடக்கம் புரட்டாதி வரை ஒவ்வொரு நாளும் முந்திய இரவின் ஆகக் குறைந்த வெப்பநிலையையும் அதற்குப் பக்கத்தில் போடுங்கள், அதே திகதிக்குரிய நீண்டகாலச் சராசரி கிடைத்தால் அதையும் சேருங்கள். வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மூன்றுக்கும் போட்டால் இன்னும் நல்லது. ஒரு வருடம் தொடர்ந்து போட்டீர்களென்றால், சபைக் கூட்டத்துக்கு அந்தப் பக்கங்களை வெட்டி எடுத்துக்கொண்டு போக நானும் இன்னும் சில பேரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குருமன்காடு, வவுனியா.